வில்லியம் ஃபோர்சைத்தின் குறுந்தகடு: நடனம் பார்க்கும் கண்ணுக்கு ஒரு கருவி

ஒருவர் வெறும் அறையில் நிற்கிறார். காற்றில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டுகிறார். அந்த இரண்டுக்கும் நடுவே திரையில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. கையை எடுத்த பிறகும் கோடு நிற்கிறது. முன்னங்கையைக் கொண்டுவந்து அதன்மேல் பொருத்துகிறார், அதற்கு அடியில் குனிந்து நழுவுகிறார், அதை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்கிறார். பாட்டு கிடையாது, ஒப்பனை கிடையாது. ஓரிரு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. அடுத்த பாடத்துக்குப் போகாமல் அதையே நான்கு தடவை பார்க்கத் தோன்றுகிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள இசட்.கே.எம். என்ற கலை, ஊடக மையம் 1999-ல் வெளியிட்ட 'இம்ப்ரொவைசேஷன் டெக்னாலஜீஸ்' (அந்தந்தக் கணத்திலேயே அசைவை உண்டாக்கும் உத்திகள்) குறுந்தகடு இது. திரையில் நிற்பவர் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத். 1949-ல் நியூயார்க்கில் பிறந்து, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் பாலே குழுவில் ஆடவந்து, 1976-ல் அங்கேயே முதல் படைப்பை மேடையேற்றியவர். 1984 முதல் 2004 வரை ஃபிராங்க்ஃபர்ட் பாலேவின் இயக்குநர். 2010-ல் வெனிஸ் பியனாலே கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம், 2024-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு என்று நடன உலகின் பெரிய விருதுகள் இவரிடம் வந்திருக்கின்றன. அவருடைய படைப்புகளை நேரில் பார்க்க வாய்க்காதவர்களும் அவரது சிந்தனை எப்படி ஓடுகிறது என்பதை இந்தத் தகட்டில் பார்த்துவிடலாம்.

தகட்டின் துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பகுத்துப் பார்க்கும் நடனக் கண்ணுக்கான கருவி' என்று வரும். வாங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். இதில் அடவு இல்லை, கோர்வை இல்லை, திருப்பி ஆடிக் காட்டக்கூடிய உருப்படி எதுவும் இல்லை. ஆடும் உடலில் எங்கெங்கே கோடு பிறக்கிறது, அது எப்படி வளைகிறது, எங்கே போய் விழுகிறது என்று பார்க்கப் பழக்கும் கருவி இது. ஆடத் தெரியாத ஒருவர் இதை வைத்து ஆடக் கற்றுக்கொள்ள முடியாது. ஏதாவது ஒரு நடனத்தில் நான்கைந்து வருடம் பயின்றவருக்கு, தன் உடலையே புதிதாகப் பார்க்கும் அளவுக்கு இதில் சரக்கு இருக்கிறது.

இது உருவான காரணமும் நடைமுறை சார்ந்தது. ஃபிராங்க்ஃபர்ட் குழுவில் நடனக் கலைஞர்கள் மேடையிலேயே அசைவுகளை உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கென்று பல வருடங்களில் சேர்ந்த ஒரு சொல்தொகுதியும் பயிற்சி முறையும் குழுவுக்குள் இருந்தன. புதிதாகச் சேருபவருக்கு அதையெல்லாம் வாய்மொழியாகக் கற்றுத்தர மாதக்கணக்கில் ஆகும். அவர்கள் தாமாகவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் 1994-ல் இசட்.கே.எம்.முடன் சேர்ந்து உள்பயன்பாட்டுக்காக முதல் வடிவம் தயாரானது. ஐந்து வருடம் கழித்து வெளியுலகத்துக்கு வந்தது அதன் சுருக்கிய, செப்பனிட்ட வடிவம். வகுப்பறைக்காகச் செய்த பொருள் என்பதால்தான் விளக்கங்களில் ஒரு சொல்கூட வீணாகவில்லை. 2004-ல் அந்தக் குழு மூடப்பட்டது. அந்தக் குழு எப்படிப் பயிற்சி செய்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் பதிவுகளில் இது முக்கியமானது.

தகட்டோடு ஆங்கிலம், ஜெர்மன் இரண்டு மொழியிலும் அச்சிட்ட சிறு புத்தகம் வருகிறது. தகட்டுக்குள் அறுபதுக்கு மேற்பட்ட விளக்கக் காணொளிகள் இருக்கின்றன. அவை கோடுகள், எழுதுதல், மறு ஒழுங்கு, கூடுதல்கள் என்று நான்கு பெரிய பிரிவுகளுக்குள் அடங்கும். ஃபோர்சைத் பேசியபடியே செய்து காட்டுவார். அவர் சொல்லும் கோடும் வளைவும் வெள்ளையாகப் படத்தின்மேலேயே வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு கருத்தையும் குழுவின் நான்கு கலைஞர்கள் தங்கள் பாணியில் ஆடிக் காட்டும் எடுத்துக்காட்டுகள் தனியாக உண்டு. கிறிஸ்டீன் புர்க்லே, நோவா கெல்பர், தாமஸ் மெக்மானஸ், கிறிஸ்டல் பைட் ஆகியோர்தான் அந்த நால்வர். கிறிஸ்டல் பைட் பிறகு கனடாவின் வான்கூவரில் 2002-ல் கிட் பிவட் குழுவைத் தொடங்கி உலகம் அறிந்த நடன அமைப்பாளர் ஆனார். அவருடைய எடுத்துக்காட்டுகளை மட்டும் தனியாகப் பார்த்தாலே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இவை தவிர, ஃபோர்சைத்தே ஆடும் 'சோலோ' என்ற சில நிமிடக் கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கிறது. பாடங்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு முறையும் எல்லாம் முடிந்தபின் ஒரு முறையும் அதைப் பார்க்க வேண்டும். முதல் தடவை அது வேகமான, புரியாத சுழற்சியாகத் தெரியும். இரண்டாம் தடவை, இங்கே முழங்கையை விட்டான், இங்கே கோட்டைத் தவிர்த்தான், இங்கே வளைவோடு இறங்கினான் என்று வாக்கியம் வாக்கியமாகப் படிக்க முடியும்.

பொருளின் உயிர் முதல் பிரிவில்தான் இருக்கிறது. கோடுகள் என்ற அந்தப் பிரிவில் 'பாயிண்ட் பாயிண்ட் லைன்' என்ற பகுதியே அடித்தளம். உடலில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் நடுவில் ஒரு கோடு உண்டு. விரல்நுனியிலிருந்து விரல்நுனிக்கு, முழங்கையிலிருந்து இடுப்புக்கு, தோளிலிருந்து எதிர்க்கால் முட்டிக்கு. இரண்டு புள்ளிகளையும் சேர்த்துவைத்துப் பிரித்து இழுத்தால் கோடு வெளியே வரும். உடலில் இருக்கும் ஒரு கோட்டைக் காற்றில் நிற்கும் கோட்டின்மேல் பொருத்தலாம். இரண்டு புள்ளிகளை ஒன்றையொன்று நோக்கிக் குறுக்கி ஒரே புள்ளியாக்கலாம். ஒரு புள்ளியை நேராகத் தரையை நோக்கி விழவிடலாம், உடல் அதற்கு வழிவிட்டு இறங்கும். முன்னங்கை சாய்ந்திருக்கும் கோணத்தைப் பிடித்துக்கொண்டு அதே சாய்வில் உடலை நீட்டிக்கொண்டே போகலாம். கோட்டை மாற்றாமல் இன்னோர் இடத்துக்குச் சுமந்து போகலாம். கேட்கும்போது வடிவகணித வகுப்பு போலத்தான் இருக்கிறது. ஆனால் 'புள்ளியை விழவிடு' என்ற ஒரே கட்டளைக்கு நால்வரும் தரும் நான்கு பதில்களைப் பார்த்தால், இது ஆட்டத்தை எவ்வளவு திறந்துவிடுகிறது என்பது விளங்கும்.

இந்தப் பகுதியை மட்டுமே வைத்துக்கொண்டு மூன்று வாரம் உழைக்கலாம். நாளைக்கு இருபது நிமிடம் போதும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் வேண்டும். கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடிவிட வேண்டும். இசை வேண்டாம். முதல் வாரம் கற்பனைக் கோட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கதவுக் கைப்பிடிக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு மீட்டர் வெள்ளை நூலை இடுப்பு உயரத்தில் கட்டி, அதோடு முன்னங்கை, தொடை, முதுகு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பழக வேண்டும். இரண்டாம் வாரம் நூலை அவிழ்த்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே அதே வேலையைச் செய்ய வேண்டும். ஒரு முழுச் சுற்று சுற்றித் திரும்பி வந்து கோடு இருந்த இடத்தில் கை வைக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. ஆரம்பத்தில் ஒரு சாண் தள்ளித்தான் கை போகும். மூன்று மீட்டர் தள்ளி ஒரு முக்காலியில் கைபேசியை வைத்துப் பதிவுசெய்து பார்த்தால் எவ்வளவு தவறுகிறோம் என்று தெரிந்துவிடும். மூன்றாம் வாரம் இரண்டு கோடுகளை ஒரே நேரத்தில் நினைவில் வைக்கலாம். அதற்குமேல் வேண்டாம். மூன்றாவது கோடு வந்ததும் முதல் கோடு மறந்துபோகும்.

எல்லோரும் சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன. முதலாவது, கோட்டுக்குப் பதிலாக நிலையைச் செய்வது. 'பொருத்து' என்றதும் அழகான ஒரு தோரணையில் போய் நின்றுவிடுவார்கள். கோடு அங்கே நிற்கும், ஆட்டமும் நின்றுவிடும். பொருத்திய கணமே அடுத்த வேலை தொடங்க வேண்டும். இரண்டாவது, எல்லாவற்றையும் கையாலேயே செய்வது. கை பழகிய உறுப்பு, கண்ணுக்கு முன்னால் இருப்பது, சொன்னதைக் கேட்பது, அதனால் மூளை அதையே தேடிப் போகும். இதற்கு மருந்து எளிது. இரண்டு கைகளையும் பின்பக்கம் கோத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தோள், இடுப்பு, முட்டி, காது ஆகியவற்றால் மட்டும் கோடு போட வேண்டும். மூன்றாவது, வேகம். காணொளியில் கலைஞர்கள் சீறிப் பாய்வதைப் பார்த்து அந்த வேகத்தைப் பிடிக்க முயன்றால் கோடு ஆவியாகிவிடும். அவர்கள் பல வருடம் பழகிய பிறகு வந்த வேகம் அது.

காயத்தைப் பற்றித் தகடு பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும். புள்ளியை விழவிடும் பயிற்சியில் முழங்கை தரைக்குப் போகும்போது கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் சேர்ந்து மடங்க வேண்டும். முட்டி மட்டும் மடங்கினால் முழுப் பாரமும் அங்கே இறங்கும். டைல்ஸ், கிரானைட், மொசைக் தரையில் இந்தப் பயிற்சி கூடவே கூடாது. மரத்தளம் இல்லையென்றால் தடிமனான பாய் விரித்து, முட்டிக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும். கை கால்களை முடிச்சுப்போல் பின்னும் பயிற்சியில், முடிச்சு முடிந்தாக வேண்டும் என்று இழுக்கக் கூடாது. முடிச்சை நோக்கிப் போகும் வழிதான் பாடம், போய்ச் சேர்வது முக்கியமில்லை. மூட்டைச் சுழற்றி வடிவம் வரையும் பயிற்சிகளில் முழங்கையைப் பூட்டியபடி தோளை மட்டும் திருகினால் இரண்டே நாளில் தோள்பட்டை வலிக்கும். சுழற்சியை மணிக்கட்டு, முழங்கை, தோள், விலா என்று பகிர்ந்துகொடுக்க வேண்டும்.

தவிர்த்தல் என்ற பகுதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. காற்றில் ஒரு கோடோ ஒரு பருத்த வடிவமோ இருக்கிறது, அதைத் தொடாமல் ஆட வேண்டும். பிறகு இன்னும் கடினமான ஒன்று: நீங்கள் இப்போது நிற்கும் நிலையின் வடிவத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, அந்த வடிவத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். தன் உடலைத் தானே ஒரு தூணாக நினைத்து விலகிப் போகும்போது, யோசித்துச் செய்ய முடியாத அசைவுகள் தாமாகவே வரும். புதிய அசைவு வேண்டுமென்று தேடி அலுத்த நடன அமைப்பாளர்கள் இந்தப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

எழுதுதல் பிரிவில், எந்த உறுப்பாலும் எந்தத் தளத்திலும் எழுத்து எழுதும் பயிற்சி இருக்கிறது. இடுப்பால் ஓர் எழுத்தைத் தரையில் எழுதலாம், காதால் சுவரில் எழுதலாம். இதற்கு ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து தோதானது. 'ஐ', 'ஓ', 'கூ' போன்ற எழுத்துகளில் சுழியும் வளைவும் தூக்கிப்போடும் கீற்றும் ஒன்றாக வருகின்றன, உடலுக்கு நல்ல வேலை கிடைக்கும். அறையை எழுதும் பயிற்சியில், இல்லாத ஓர் அறையைக் கற்பனை செய்து அதன் கதவு, மேசை, படுக்கை ஆகியவற்றின் விளிம்புகளை உடலால் தடவிக் காட்ட வேண்டும். முழங்கையால் கதவைத் திறப்பது போன்ற ஊமை நாடகமாக இது சரிந்துவிடும் ஆபத்து உண்டு. கதவை நடிக்காமல் கதவின் விளிம்பை மட்டும் வரைந்தால் சரியாக வரும். மறு ஒழுங்குப் பிரிவில், தெரிந்த ஒரு கோர்வையைச் சிறிய இடத்துக்குள் அமுக்குவது, குறைந்த நேரத்துக்குள் அமுக்குவது, தரையைச் சுவராக நினைத்துத் திருப்பிப்போடுவது ஆகியவை வருகின்றன. இவை நன்றாக இருந்தாலும், கையில் ஏற்கெனவே ஒரு கோர்வை உள்ளவருக்குத்தான் பயன்படும். கூடுதல்கள் பிரிவு கொஞ்சம் உதிரியாகத் தெரிகிறது. ஒரு முறை பார்த்தால் போதும்.

பரதம் பயின்றவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. நாட்டியாரம்பத்தில், அதாவது கைகளைப் பக்கவாட்டில் நீட்டும் தொடக்க நிலையில், கை வைத்து நின்றவருக்கு விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை ஓடும் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் இரண்டு முட்டிக்கும் நடுவிலுள்ள கோடும் அப்படியே. கோட்டைக் கூர்மையாகப் பிடிப்பதில் அவர்கள் முதல் நாளே முன்னால் இருப்பார்கள். சிக்கல் மையத்தில் இருக்கிறது. பரதத்தில் எங்கே போனாலும் நடுத்தண்டுக்குத் திரும்பி வருகிறோம். உடலசைவுகளை ஆராய்ந்த ருடால்ஃப் லாபான் வகுத்த முறையிலும் உடலைச் சுற்றியுள்ள வெளிக்கு உடலின் நடுவில் ஒரே மையம்தான். ஃபோர்சைத் லாபானின் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு மையத்தைச் சிதறவிட்டார். காதுமடல் மையமாகலாம், குதிகால் மையமாகலாம், ஒரே நேரத்தில் இரண்டு மையங்கள் இருக்கலாம். நேராக நிற்கும் சமநிலைக்குத் திரும்பும் பழக்கம் உடலில் ஊறியவருக்கு இது உள்ளுக்குள் ஒரு தடுமாற்றத்தைக் கொடுக்கும். தடுமாற்றம் வந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அரங்கேற்றத்துக்குத் தயாராகும் மாதங்களில் மட்டும் இதைத் தொட வேண்டாம். இரண்டு பழக்கமும் ஒன்றையொன்று குழப்பும்.

பாலேவில் வளர்ந்தவர் ஏன் கோட்டை இப்படிப் பிடித்துக்கொண்டார் என்பதற்கும் இந்தத் தகட்டில் பதில் கிடைக்கிறது. பாலேயில் கோடு என்பதே அழகின் பெயர். 1987-ல் பாரிஸ் ஓபரா பாலேவுக்காக இவர் அமைத்த 'இன் தி மிடில், சம்வாட் எலிவேட்டட்' இன்றும் உலகக் குழுக்கள் பலவும் ஆடும் படைப்பு. அதில் பாலேயின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை நிலைதவறும் எல்லைவரை இழுக்கப்பட்டு, சமநிலை கைவிட்டுப் போகும் கணத்தில் அடுத்த அசைவு பிறக்கிறது. 'பாலேவை உடைத்தவர்' என்று இவரைப் பற்றிச் சொல்வதுண்டு. சாய்வை நீட்டும் பாடத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பாலே போட்டுத் தந்த கோட்டை அது முடியும் இடத்தில் முடியவிடாமல் தொடர்ந்தவர் என்பதே பொருந்தும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். காலம் பற்றி, தாளம் பற்றி இதில் மிகக் குறைவு. எல்லாமே வெளியைப் பற்றியது. ஜதியில் வளர்ந்த காதுக்கு இது பெரிய வெற்றிடமாகத் தெரியும். பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் அசைவு இன்னொருவருக்கு எப்படிச் சைகையாகிறது என்பதும் இதில் கிடையாது. அது வேண்டுமென்றால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர் 2009-ல் இணையத்தில் வெளியிட்ட 'சிங்க்ரனஸ் ஆப்ஜெக்ட்ஸ்' திட்டத்துக்குப் போக வேண்டும். 20 மேசைகளுக்கு நடுவே 17 பேர் ஆடும் ஒரே படைப்பை எடுத்துக்கொண்டு, சைகைகளும் ஒத்திசைவுகளும் எப்படி ஓடுகின்றன என்பதைப் படங்களாக வரைந்து காட்டுகிறது அது. தனி உடலுக்குத் தகடு, குழுவுக்கு அந்தத் திட்டம் என்று சேர்த்துப் படித்தால்தான் இவரது சிந்தனை முழுமையாகப் பிடிபடும். இன்னொன்று, இந்தத் தகட்டை முடித்ததும் ஒரு படைப்பை உருவாக்கிவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. எதை வைப்பது, எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற அமைப்பாளரின் வேலை இதற்கு வெளியே இருக்கிறது.

மிகப் பெரிய சிக்கல் தகட்டைத் திறப்பதுதான். தொண்ணூறுகளின் மேக், விண்டோஸ் கணினிகளுக்காகச் செய்த மென்பொருள் இது. மறுபதிப்புகள் வந்தன என்றாலும், பழைய பதிப்பு கையில் கிடைத்தால் இன்றைய கணினியில் நேரடியாக ஓடும் என்று நம்பி வாங்கக் கூடாது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டுக்கான இடமே கிடையாது. வெளியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் டிரைவ் ஒன்று வேண்டும். தனிப்பாடங்கள் பல யூட்யூபில் பிரிவுப் பெயரோடு உலவுகின்றன. அவற்றைப் பார்த்தால் போதாதா என்ற கேள்விக்குப் பதில்: கோடுகள் பிரிவுக்குப் போதும். இழப்பது என்னவென்றால், ஒரு பாடத்திலிருந்து அதன் எடுத்துக்காட்டுக்குத் தாவும் வசதி. ஃபோர்சைத் சொல்வதையும் அதையே வேறு உடல் செய்வதையும் அடுத்தடுத்துப் பார்ப்பதில்தான் கண் பழகுகிறது. துண்டுக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் அவருடைய உடலை மட்டுமே பார்த்து, அவரைப்போலவே அசைய ஆரம்பித்துவிடுகிறார்கள். தகடு தடுக்க நினைத்ததே இதைத்தான்.

ஆகவே, நடனப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ என்றால் தேடி வாங்கலாம். தனியாக ஆடுபவர் முதலில் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் மூன்று வாரம் உழைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யட்டும். பழைய பிரதி வாங்கும்போது சிறு புத்தகம் கூட இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் விலை குறைத்துத் தந்தால்கூட வாங்கத் தோதில்லை. தகட்டின் பளபளப்பான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளிநோக்கிப் போகும் கீறல்களைவிட வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல்கள் ஆபத்தானவை. கைக்கு வந்ததும் முதல் வேலையாக, கோப்புகளைத் தனித்தனியே நகலெடுக்காமல் தகடு முழுவதையும் ஒரே ஐ.எஸ்.ஓ. படிமமாக (தகட்டின் முழு நகலாக அமையும் ஒரே கோப்பாக) எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸை ஓட்டும் மெய்நிகர் மென்பொருளில் அந்தப் படிமத்தை ஏற்றலாம். காணொளி ஓடவில்லையென்றால் அந்தப் பழைய விண்டோஸின் நிற அமைப்பையும் திரை அளவையும் குறைத்துப் பாருங்கள். படம் சின்னப் பெட்டியாகத்தான் வரும். பெரிதாக்க வேண்டாம், பெரிதாக்கினால் வெள்ளைக் கோடுகள் கலங்கிவிடும்.